ராமானுஜன் அட்டவணையில் விடுபட்ட எண்: கணக்கு ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை கணக்குச் சொல்லித்தரும் ஆசிரியர்களுக்கு,

வரும் டிசம்பர் 22 அன்று உங்கள் வகுப்புக் கரும்பலகையில் ஓர் எண்ணை எழுத வேண்டும் என்று கேட்டு இந்த மடலை எழுதுகிறேன். அந்த எண் 293318625600. வாய்விட்டுப் படித்தால் இருபத்தொன்பதாயிரத்து முந்நூற்று முப்பத்தொரு கோடியே எண்பத்தாறு லட்சத்து இருபத்தைந்தாயிரத்து அறுநூறு. பன்னிரண்டு இலக்கம். மளிகைக் கடை மேசையில் இருக்கும் பன்னிரண்டு இலக்கக் கால்குலேட்டரில் இடம் மிச்சமில்லாமல் நிறைந்துவிடும்.

அன்று ராமானுஜன் பிறந்த நாள். 2012 முதல் தேசியக் கணித நாளாகக் கொண்டாடுகிறோம். இறைவணக்கக் கூட்டத்தில் ஒரு மாணவி மேடையேறி 1729 கதையைச் சொல்வாள். உடம்பு முடியாமல் படுத்திருக்கும் ராமானுஜனைப் பார்க்க ஆங்கிலக் கணிதவியலாளர் ஹார்டி டாக்சியில் வருகிறார். வண்டி எண்ணில் விசேஷம் ஒன்றும் இல்லையே என்கிறார். இரண்டு கன எண்களின் கூடுதலாக இரண்டு விதமாக எழுத முடிகிற மிகச் சிறிய எண் அதுதான் என்று ராமானுஜன் படுக்கையில் இருந்தபடியே சொல்லிவிடுகிறார். எல்லோரும் கைதட்டுவோம். அடுத்து குலதெய்வமான நாமகிரித் தாயார் கனவில் வந்த கதை. அடுத்து எஃப்.ஏ. என்ற கல்லூரித் தேர்வில் தோற்ற கதை. கணித மன்றத்தின் வினாடி வினா, பரிசு, நாட்டுப்பண். விழா முடிந்தது.

நல்ல கதைகள்தான். ஆனால் இவற்றைக் கேட்டுவிட்டு வகுப்புக்குத் திரும்பும் பிள்ளையின் மனசில் என்ன தங்குகிறது என்று யோசித்துப் பாருங்கள். கணக்கு சிலருக்கு வரும், சிலருக்கு வராது. வருகிறவர்களுக்குப் படுத்துக் கிடந்தாலும் வரும், தூங்கினாலும் வரும். பதினேழாம் வாய்ப்பாட்டில் தடுமாறும் ஒரு பையன் அந்தக் கைதட்டலுக்கு நடுவிலேயே, இது நம்முடைய ஆள் இல்லை என்று முடிவு செய்துவிடுகிறான். ராமானுஜனைக் கொண்டாடுகிற சாக்கில் அவனைக் கணக்கிலிருந்து நாமே தள்ளிவைக்கிறோம். இது எனக்கு ஆண்டுதோறும் உறுத்துகிறது.

நான் எழுதச் சொல்லும் எண்ணில் இப்படி மின்னலடிக்கும் சம்பவம் எதுவும் கிடையாது. அதில் இருப்பது வகுத்தலும் பெருக்கலும் ஒப்பிட்டுப் பார்த்தலும்தான். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குக் கைவந்த வேலைகள்.

1914 ஏப்ரலில் ராமானுஜன் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். அதற்கு இரண்டு ஆண்டுக்கு முன்தான் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் கணக்குப் பிரிவு எழுத்தராகச் சேர்ந்திருந்தார். 1915-இல் லண்டன் கணிதச் சங்கத்தின் இதழில் அறுபது பக்கத்துக்கும் மேல் நீளும் ஒரு கட்டுரை வெளியிட்டார். எழுதியது இன்னும் நீளம். சங்கத்துக்கு அப்போது பணமுடை என்பதால் முழுவதும் அச்சேறவில்லை. மிச்சப் பகுதி 1997-இல், அவர் பெயரையே தாங்கிய கணித இதழின் முதல் தொகுதியில்தான் வெளிவந்தது. எஃப்.ஏ. தாண்டாத அந்த மனிதருக்கு 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சி வழி பி.ஏ. பட்டம் கொடுத்தது இந்த ஆய்வுக்காகத்தான். சில ஆண்டுகள் கழித்து அந்தப் பட்டமே பிஎச்.டி. என்று பெயர் மாறியது.

அறுபது பக்கத்தில் அவர் ஆராய்ந்த விஷயத்தை ஆறாம் வகுப்பில் சொல்லிப் புரியவைத்துவிடலாம். ஓர் எண்ணுக்கு எத்தனை காரணிகள் இருக்கின்றன? 12-க்கு 1, 2, 3, 4, 6, 12 என்று ஆறு. 12-க்குக் கீழே உள்ள எந்த எண்ணுக்கும் ஆறு கிடையாது. அதனால் 12 ஒரு சாதனை எண். அடுத்த சாதனை 24. அதற்கு எட்டுக் காரணி. 30-க்கும் எட்டுத்தான், ஆனால் 24 முந்திக்கொண்டதால் 30-க்கு இடமில்லை. தனக்குக் கீழே உள்ள எல்லா எண்ணையும்விடக் கூடுதலான காரணிகள் கொண்ட எண்ணை மிகுபகு எண் என்று வைத்துக்கொள்வோம். 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360, 720, 840 என்று வரிசை போகும். ஒரு நாளின் 24 மணி, ஒரு மணியின் 60 நிமிடம், ஒரு வட்டத்தின் 360 டிகிரி எல்லாம் இந்த வரிசைக்காரர்கள். பல விதமாகப் பங்கு போட்டாலும் மீதி வராத எண்களை மனிதர்கள் தேடிப் பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறார்கள். பிளேட்டோ தன் ‘சட்டங்கள்’ நூலில் ஒரு நகரத்துக்கு எத்தனை குடும்பம் வேண்டும் என்று கணக்கிட்டு 5040 என்றார். அதுவும் இதே வரிசையில் உள்ள எண்தான். 5040 கொஞ்ச நேரத்தில் மறுபடியும் வரும்.

ராமானுஜன் இந்த வரிசையைக் கையால் கணக்கிட்டுக் கட்டுரையில் அட்டவணையாகப் போட்டார். மொத்தம் 102 எண்கள். கடைசி எண் 6746328388800, அதாவது ஆறு லட்சத்து எழுபத்து நான்காயிரம் கோடிக்கும் மேல். அதன் காரணிகள் 10080. இவ்வளவு நீண்ட அட்டவணையில் அவர் விட்டது ஒன்றே ஒன்று. அதுதான் 293318625600.

இதை வகுப்பில் எப்படிக் கொண்டுபோகலாம் என்று சொல்கிறேன். எண்ணைக் கரும்பலகையில் எழுதிவிட்டுக் கதை எதுவும் சொல்லாதீர்கள். இதைக் காரணிப்படுத்துங்கள் என்று மட்டும் சொல்லுங்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு வகுத்தல். இரட்டைப்படையில் முடிகிறது, ஆகவே முதல் பிள்ளை 2-ஆல் வகுத்து 146659312800 என்று எழுதும். அடுத்தது 73329656400. பிறகு 36664828200, 18332414100, 9166207050, 4583103525. ஆறு பிள்ளைகள் முடிந்தார்கள். இனி 2 போகாது.

இலக்கங்களைக் கூட்டச் சொல்லுங்கள். 4583103525-இன் இலக்கக் கூடுதல் 36. ஆகவே 3 போகும். 1527701175, 509233725, 169744575, 56581525. நான்கு முறை. கடைசி எண்ணின் இலக்கக் கூடுதல் 37, இனி 3 போகாது. 5-இல் முடிவதால் 5-ஆல் வகுத்தால் 11316305. இன்னொரு முறை வகுத்தால் 2263261. அடுத்து 7. இங்கே கொஞ்சம் நிறுத்துங்கள், ஏனென்றால் 7-ஆல் வகுத்ததும் கரும்பலகையில் 323323 வந்து நிற்கும். 323 இரண்டு முறை. யாராவது ஒரு பிள்ளை கத்தும். மூன்று இலக்கம் அப்படியே திரும்பி வந்தால் அது 1001-இன் மடங்கு. 1001 என்பது 7 × 11 × 13. மூன்று பகா எண்கள் ஒரே வீச்சில் கிடைத்துவிடும். மிச்சம் 323. அது பகா எண் போலவே முகத்தை வைத்துக்கொண்டிருக்கும். 18-இன் வர்க்கம் 324 என்பது ஞாபகத்துக்கு வந்தால், அதில் ஒன்று குறைந்தால் 17 × 19 என்று பிடிபடும். பதினேழாம் வாய்ப்பாட்டில் தடுமாறும் பையன் இந்த இடத்தில்தான் எழுந்து வர வேண்டும்.

எண்ணிப் பாருங்கள், மொத்தம் 18 வகுத்தல். 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5 இரண்டு முறை, 7 இரண்டு முறை, பிறகு 11, 13, 17, 19 ஒவ்வொன்று. பன்னிரண்டு இலக்க எண்ணைப் பதினெட்டுப் பிள்ளைகள் சேர்ந்து 1-க்குக் கொண்டுவந்துவிட்டார்கள். இதற்குள் இருந்த மிகப் பெரிய பகா எண் வெறும் 19 என்று தெரியும்போது அவர்கள் முகத்தைப் பாருங்கள். பெரிய எண் என்றாலே பயப்பட வேண்டும் என்று யாரோ அவர்களுக்குச் சொல்லிவைத்திருந்தது அங்கே உடையும்.

அடுத்து, இதற்கு எத்தனை காரணி? ஒவ்வொன்றாகத் தேடினால் வேலை ஆகாது. ஆனால் எந்தக் காரணியும் இந்தப் பகா எண்களிலிருந்துதான் கட்டப்பட வேண்டும். 2-ஐ ஒன்றுகூட எடுக்காமல் விடலாம், ஒன்று எடுக்கலாம், ஆறு வரை எடுக்கலாம், ஆக ஏழு வழி. 3-க்கு ஐந்து வழி. கடையில் ஏழு சட்டையும் ஐந்து வேட்டியும் இருந்தால் 35 விதமாக உடுத்தலாம் என்பது போலத்தான். 5-க்கு மூன்று, 7-க்கு மூன்று, மற்ற நான்குக்கும் இரண்டிரண்டு. 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2. பெருக்கினால் 5040.

பிளேட்டோவின் நகரத்து எண்ணேதான். ஒன்று முதல் ஏழு வரை பெருக்கினாலும் இதே 5040 வரும் என்பதைப் பிள்ளைகள் அப்படியே சரிபார்க்கலாம். காரணிகள் ஜோடி ஜோடியாக வருவதால் பாதி, அதாவது 2520, இந்த எண்ணின் வர்க்கமூலத்துக்குக் கீழே இருக்கும். வர்க்கமூலம் 541589-க்குச் சற்றுக் குறைவு. ஒன்று முதல் இருபத்திரண்டு வரை எந்த எண்ணாலும் இதை மீதியில்லாமல் வகுக்கலாம். முதலில் முரண்டு பிடிப்பது 23. ஒன்று முதல் இருபத்திரண்டு வரையுள்ள எண்களின் மீச்சிறு பொது மடங்கு 232792560. நம் எண்ணை அதனால் வகுத்தால் 1260 கிடைக்கும். அந்த 1260-உம் ஒரு மிகுபகு எண்.

இனிமேல் சொல்லப்போவது எட்டாம் வகுப்புக்கு மேல் உள்ள பிள்ளைகளுக்கு. ஆனால் எனக்கு இந்த எண்ணின் மீது பிடிப்பு வந்ததே இந்த இடத்தில்தான், ஆகவே பொறுமையாகப் படியுங்கள்.

ராமானுஜன் ஒவ்வோர் எண்ணாக எடுத்துச் சோதிக்கவில்லை. லட்சக்கணக்கான கோடி எண்களை யாரும் அப்படிச் சோதிக்க முடியாது. முதலில் மிகுபகு எண்ணின் உடல்வாகு எப்படி இருக்க வேண்டும் என்று நிரூபித்தார். 2-இலிருந்து தொடங்கி இடையில் ஒன்றும் விடாமல் பகா எண்கள் வரவேண்டும். 7 இல்லாமல் 11 இருந்தால் 11-ஐ எடுத்துவிட்டு 7-ஐ வையுங்கள். காரணிகளின் எண்ணிக்கை மாறாது, எண் சிறுத்துவிடும். ஆகவே பழைய எண் சாதனை எண்ணாக இருக்க முடியாது. அதேபோல் சிறிய பகா எண் பெரிய பகா எண்ணைவிடக் குறைந்த தடவை வரக்கூடாது. 18-இல் 3 இரண்டு முறை, 2 ஒரு முறை. மாற்றிப் போட்டால் 12. இரண்டுக்கும் ஆறு காரணிதான், 12 சிறியது. கடைசிப் பகா எண் ஒரே ஒரு முறைதான் வரும். இந்த விதிக்கு 4, 36 இரண்டு மட்டும் விலக்கு. இப்படித் தேடவேண்டிய பரப்பை அறிவால் சுருக்கிக்கொண்டு, மிச்சத்தை உழைப்பால் துழாவினார். சிலேட்டில் போட்டுப் பார்த்து முழங்கையால் அழித்துவிட்டு முடிவை மட்டும் நோட்டில் எழுதுகிற பழக்கம் அவருக்கு இருந்ததால், அவருடைய பாடு நம் கண்ணில் படுவது அபூர்வம். இந்த அட்டவணை அப்படி அழியாமல் நின்ற இடங்களில் ஒன்று.

உடல்வாகு தெரிந்த பிறகும் ஒரு சிக்கல் மிஞ்சுகிறது. ஒரு புதிய பகா எண் வரிசைக்குள் எப்போது நுழைகிறது? 5 என்பது 60-இல் நுழைகிறது, அப்புறம் போவதே இல்லை. 7 என்பது 840-இல் நுழைந்து நிலைத்துவிடுகிறது. 11-இல் முதல் விசித்திரம். 27720-இல் 11 வருகிறது, காரணிகள் 96. அடுத்த சாதனை எண் 45360, காரணிகள் 100, அதில் 11 இல்லை. அதற்கடுத்த 50400-இலும் இல்லை, காரணிகள் 108. 55440-இல் திரும்பி வருகிறது, காரணிகள் 120. இந்த நான்கையும் பிள்ளைகளே காரணிப்படுத்திப் பார்க்கட்டும். ஒரு பெரிய பகா எண்ணை உள்ளே கொண்டுவந்தால் காரணிகள் ஒரேயடியாக இரட்டிக்கும், ஆனால் எண்ணும் வீங்கிவிடும். அதை வெளியே அனுப்பிவிட்டு அந்த இடத்தில் சில 2-களையும் 3-களையும் நிரப்பினால் லாபமா என்று ஒவ்வொரு படியிலும் கணக்குப் பார்க்க வேண்டும்.

23-இன் கதை இன்னும் தீவிரம். அது முதலில் வருவது 64250746560-இல். அடுத்த சாதனையான 73329656400-இல் இல்லை. 80313433200-இல் உண்டு. 97772875200-இல் இல்லை. 128501493120-இல் உண்டு. 146659312800-இல் இல்லை. 160626866400-இல் உண்டு, 240940299600-இலும் உண்டு. முதன்முறையாக இரண்டு படிகள் தொடர்ந்து 23 தங்கியிருக்கிறது. இனி நிலைத்துவிட்டது என்று யாருக்கும் தோன்றும். அந்த நேரத்தில் அது கடைசியாக ஒரு முறை வெளியே போகிறது. அப்போது உருவாகும் எண்தான் 293318625600. அடுத்த படியான 321253732800-இல் 23 திரும்பி வருகிறது. அட்டவணை முடியும் வரை பிறகு அசைவதில்லை.

இந்த ஒரு படியைக் கிட்டத்தில் பாருங்கள். 240940299600-இலிருந்து நம் எண்ணுக்கு வர வேண்டுமானால் ஒரு 23-ஐ எடுத்துவிட்டு இரண்டு 2-களையும் ஒரு 7-ஐயும் சேர்க்க வேண்டும். அதாவது 23-க்குப் பதில் 28. ஒரே சமயத்தில் மூன்று இடத்தில் கைவைக்க வேண்டிய மாற்றம். கிடைக்கும் லாபமோ சொற்பம்: காரணிகள் 4800-இலிருந்து 5040 ஆகின்றன, இருபதுக்கு ஒன்று கூடுதல். அடுத்த படிக்குப் போகும்போது ஒரு 3-ஐயும் ஒரு 7-ஐயும் எடுத்துவிட்டு 23-ஐ வைக்கிறோம், 21-க்குப் பதில் 23. காரணிகள் 5040-இலிருந்து 5376. இரண்டு பக்கத்து எண்களிலும் 7 ஒரு முறைதான் இருக்கிறது, இரண்டிலும் 23 இருக்கிறது. நடுவில் நிற்கும் நம் எண்ணில் 7 இரண்டு முறை, 23 கிடையாது. இரு பக்கத்துக்கும் ஒட்டாத முகம். ராமானுஜன் கை தவறிய காரணம் இதுதான் என்பது என் ஊகம். நெருங்கிப் போனவருக்கு மட்டுமே வழுக்கக்கூடிய இடம் அது.

இன்னொன்றும் உண்டு. அட்டவணையின் கடைசி எண்ணான 6746328388800-ஐ 23-ஆல் வகுத்துப் பாருங்கள். சரியாக 293318625600 வரும். 2 ஆறு முறை, 3 நான்கு, 5 இரண்டு, 7 இரண்டு, 11, 13, 17, 19, கடைசியில் 23 என்று அவர் எழுதிய கடைசி வரியில் அந்த 23-ஐ விரலால் மறைத்தால் விடுபட்ட எண்ணின் காரணிகள் அப்படியே நிற்கும். அவருடைய பக்கத்திலேயே அது இருந்தது. இதை முதலில் கவனித்தபோது எனக்கு மேனி சிலிர்த்தது. உங்கள் பிள்ளைகளுக்கும் அந்த வாய்ப்பைக் கொடுங்கள், நீங்களாகச் சொல்லிவிடாதீர்கள்.

உங்களில் சிலர் தயங்குவீர்கள் என்று தெரியும். பிறந்த நாளன்று அவர் விட்டதைப் போய்ச் சொல்வதா? யானைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லிக்கொள்ள இதைப் பயன்படுத்துங்கள் என்று நான் கேட்கவில்லை. அப்படிச் சொன்னால் அது வெறும் ஆறுதலாக முடிந்துவிடும். சறுக்கிய இடம் எப்படிப்பட்ட இடம் என்று பிள்ளைகள் தாங்களே நடந்துபோய்ப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் விருப்பம். அங்கே போனால்தான், மற்ற 102 இடங்களில் அவர் சறுக்கவில்லை என்பதன் கனம் தெரியும். கால்குலேட்டர் இல்லை, கணினி இல்லை. உலகப் போர் தொடங்கிய காலம், பழக்கமில்லாத குளிர், சைவச் சாப்பாட்டுக்குப் படாதபாடு. அதற்கு நடுவில் ஒரு மனிதர் 2-ஐயும் 3-ஐயும் 23-ஐயும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். கனவில் வந்தது என்று சொல்லும்போது இந்தப் பாடு முழுவதும் நம் கையால் அழிந்துபோகிறது. பக்தியை நான் குறை சொல்லவில்லை. அவருக்கு அது உயிர். ஆனால் இந்த அட்டவணையை நிரப்பியது அவர் கை.

போர்ஷன் முடிக்கவே நேரமில்லை என்பதும் நியாயமான பேச்சு. நான் கேட்பது ஒரு பீரியட். ஆறாம் வகுப்பின் வகுபடும் தன்மை, பகா காரணிகள், மீச்சிறு பொது மடங்கு, எட்டாம் வகுப்பின் அடுக்குகள் எல்லாம் இந்த ஓர் எண்ணுக்குள் வந்துவிடுகின்றன. பாடத்தை விட்டு ஒரு முழம்கூட வெளியே போகவில்லை. இன்னொரு வசதி, இதில் எல்லாப் பிள்ளைக்கும் வேலை உண்டு. 1729 கதையில் பேசுகிறவர் ஒருவர், மற்றவர்கள் கேட்பவர்கள். இங்கே பதினெட்டுப் பேர் கரும்பலகைக்கு வந்தாக வேண்டும். யாராவது நடுவில் ஓர் இலக்கத்தைத் தப்பாக எழுதினால் 323323 வராது. அப்போது திரும்பிப் போய் எங்கே தப்பியது என்று தேடட்டும். தயவுசெய்து நீங்கள் போய்த் திருத்திவிடாதீர்கள்.

கெட்டிக்காரப் பிள்ளைகள் சீக்கிரம் முடித்துவிட்டு அடுத்து என்ன என்பார்கள். அவர்களுக்கு ஓர் ஏணி வைத்திருக்கிறேன். சரியாக 3 காரணி உள்ள மிகச் சிறிய எண் எது? 4. சரியாக 4 காரணி உள்ள மிகச் சிறிய எண் 6. ஆறு காரணிக்கு 12. பன்னிரண்டு காரணிக்கு 60. அறுபது காரணிக்கு 5040. 5040 காரணிக்கு 293318625600. ஒவ்வொரு படியும் மிகுபகு எண், ஒவ்வொன்றும் அடுத்ததன் காரணிகளை எண்ணிச் சொல்கிறது. ராமானுஜன் அட்டவணையில் 4, 6, 12, 60, 5040 எல்லாம் இருக்கின்றன. ஆறாவது படி மட்டும்தான் விடுபட்டது.

ஏழாவது படி என்ன என்று கேட்பார்கள். சரியாக 293318625600 காரணிகள் கொண்ட மிகச் சிறிய எண்ணுக்கு 75 இலக்கம். அதில் 2 பதினெட்டு முறை, 3 பதினாறு முறை, 5 பன்னிரண்டு முறை என்று இறங்கி, பகா எண்கள் 61 வரை போகின்றன. அதுவும் மிகுபகு எண்தானா என்ற கேள்வியை வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். குறிப்பு வேண்டுமென்றால், நான்கு 3-களை எடுத்துவிட்டு அடுத்த பகா எண்ணான 67-ஐ வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 81 போய் 67 வருகிறது, ஆகவே எண் சிறுக்கிறது. காரணிகளோ 17-க்கு 26 என்ற விகிதத்தில் கூடுகின்றன. மறுநாள் காலை யாராவது ஒருத்தி நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, சார், ஏணி அங்கேயே முறிந்துவிடுகிறது என்று சொன்னால், அவளையே கரும்பலகைக்கு அழைத்து மற்றவர்களுக்கு விளக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
கணக்கை நேசிக்கும் ஒரு வாசகன்